டியூபாவுக்கு மூணு கைப்பிடி ராகி

எனக்கு எழுபத்து நாலு வயசு. பெத்தது நாலு, வளத்தது ஆறு. மேலே வந்த ரெண்டும் என் தங்கச்சி பிள்ளைகள். சோறு போட்டதிலும் சரி, முதுகில் போட்டதிலும் சரி, ஆறு பேருக்கும் நான் வித்தியாசம் பார்த்ததில்லை.

மூணாங் கிளாசோடு நின்றவள் நான். எழுத்துக்கு எழுத்து நின்று மூச்சு வாங்கித்தான் எழுதுவேன். எழுதி முடித்ததும் பேத்தி இலக்கியா எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டுவாள். எழுத்தில் தப்பிருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்கிறார்கள். சேதியில் தப்பிருக்காது.

போன வாரம் கிணறு வெட்டின கதையில் நிறுத்தியிருந்தேன். கடைசியில் தண்ணீர் வந்ததா என்று ஒருத்தர் கடுதாசி போட்டுக் கேட்டிருக்கிறார். வந்தது. அதோடு அதை விடுங்கள். இந்த வாரம் என் கடைக்குட்டி கோமதி டியூபா வாங்கினதைச் சொல்லியாக வேண்டும். இதைத் தள்ளிப்போட எனக்கு இஷ்டம்தான், ஆனால் இனித் தள்ள முடியாது.

டியூபா என்றால் பல பேருக்குத் தெரியாது. கல்யாண பேண்டு செட்டில் கடைசி ஆள் ஒருத்தர் பெரிய பித்தளைக் குழாயை உடம்பில் சுற்றிக்கொண்டு பூம் பூம் என்று ஊதிக்கொண்டு வருவாரே, அந்த ஜாதிதான். ஆனால் இதை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் குழந்தையை நிறுத்தி வைத்த மாதிரி வைத்து ஊதணும்.

ஐஸ் பெட்டி

அன்றைக்குக் காரிமங்கலத்தில் சந்தை நாள். பத்து மணி வெயிலில் ஒரு குட்டியானை வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. பார்சல் ஆபீசிலிருந்து என் மகன் மாதேஷ் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. பின்னால் கறுப்பாக, ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு பெட்டி. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து மெதுவாக இறக்கினார்கள்.

நான் உள்ளே ராகி புடைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் திடீரென்று ஒப்பாரி கேட்டது. யார் வூட்டில் என்ன என்று முறத்தோடு வெளியே வந்தால், எதிர் வூட்டுப் பச்சியம்மாள் எங்கள் வாசப்படியில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொள்கிறாள்.

"நேத்துக்கூட சுண்டைக்காய் குடுத்தியே மகராசி, இன்னிக்கி இப்படிப் போயிட்டியே..."

"யாருக்கு அழற பச்சி?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்குத்தான்."

"எனக்கு என்ன?"

"ஐஸ் பெட்டி எறங்குச்சே."

பிணம் வைக்கிற பெட்டி என்று நினைத்துவிட்டாள். நினைத்ததோடு விட்டாளா? அழ உட்காருவதற்கு முன்னால் கம்பைநல்லூரில் இருக்கிற என் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சேதியும் சொல்லிவிட்டாள். மத்தியானம் நாத்தனார் ஒரு ரோசாப்பூ மாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். அவள் முகத்தில் சந்தோசத்தோடு ஒரு துளி ஏமாற்றமும் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

வாங்கின மாலையைத் திருப்பிக்கொண்டு போவது நல்லதில்லை என்று பெட்டி மேல் போட்டோம். நாத்தனார் கருவாட்டுக் குழம்போடு களி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அடுப்பு ஊதின மூச்சு

கோமதிக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வூட்டில் காஸ் வருவதற்கு முன்னால் ஈர விறகுதான். ஆறு பிள்ளைகளில் அடுப்பு ஊதுவதற்கு இவளை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் ஊதினால் புகை வரும். இவள் ஊதினால் தீ வரும். ஒரே ஊதில் உலை கொதிக்கும் என்று சொன்னால் பொய். ரெண்டு ஊது வேணும்.

பெரிய கிளாஸ் படிக்க தர்மபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்தின ஆஸ்டலில் விட்டோம். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு பேண்டு இருந்தது. மற்ற பிள்ளைகள் சின்னக் குழலாகப் பார்த்து எடுத்துக்கொள்ள, மூலையில் தூசி படிந்து கிடந்த பெரிய குழாயை யாரும் தொடவில்லை. இவள் எடுத்து, அடுப்பு என்று நினைத்து ஒரு ஊது ஊதினாளாம். ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா அத்தனையும் பறந்ததாம். அன்றையிலிருந்து அது இவளுடையது.

பிறகு எங்கெங்கோ படித்து, இப்போது பெங்களூரில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் ஊதுகிறாள். சினிமாப் பாட்டு ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. எண்பது பேர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஒருத்தர் குச்சியை ஆட்ட ஆட்ட வெள்ளைக்காரன் சங்கீதம் வாசிக்கிற கூட்டம். வயலினே முப்பது இருக்கும். டியூபா ஒன்றே ஒன்றுதான். அதாவது நாற்காலி ஒன்றுதான்.

நாலு வருசமாக அந்த நாற்காலியில் தற்காலிகமாகத்தான் உட்கார்ந்திருந்தாள், அவர்கள் கொடுத்த பழைய, ஒடுக்கு விழுந்த டியூபாவோடு. அதில் ரெண்டு சுரம் சரியாக வராது. இப்போது அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கிறார்கள், இவளுக்கும் கோவாவிலிருந்து வருகிற ஒருத்தனுக்கும் போட்டி, சொந்தமாக நல்ல டியூபா வைத்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டணும், பிடித்தால் நாற்காலி, இல்லாவிட்டால் வூட்டுக்கு. இதுதான் விசயம்.

கல்யாணத்துக்கென்று சேர்த்ததை எல்லாம் எடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். நான் மாப்பிள்ளை பார்க்கச் சொன்னேன், அவள் இதைப் பார்த்தாள். கொண்டுவந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மாப்பிள்ளையாக இருந்தால் அவனே இறங்கியிருப்பான்.

பெங்களூரில் அவள் தங்கியிருக்கிற அறையில் பகலில் ஆள் இல்லை. அதனால்தான் பார்சல் எங்கள் விலாசத்துக்கு வந்தது. சாயங்காலம் அவளும் பஸ்ஸில் வந்துவிட்டாள். மறுநாள் ஒரு நாள் பழகிவிட்டு, அதற்கு மறுநாள் பெங்களூரில் வாசிக்கணும்.

தொட மாட்டேன்

பெட்டியைத் திறந்தாள். ஐயோ, அந்த மினுமினுப்பை என்னவென்று சொல்ல. ஏழு புதுக் குடத்தைச் சேர்த்து உருக்கினாலும் அப்படி வராது. வாய் மட்டும் என் பெரிய முறத்தளவு. அதற்குள் எட்டிப் பார்த்தால் இருட்டாக, வழவழப்பாக, கிணறு மாதிரி இறங்கிக்கொண்டே போனது.

நான் மஞ்சள் குழைக்க எழுந்தேன். கோமதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எங்க போற?"

"சும்மா ஒரு பொட்டு வச்சிடறேன்."

"வேணாம். பொட்டு வேணாம், எலுமிச்சம்பழம் வேணாம், புளி போட்டுத் தேய்க்கறது வேணவே வேணாம். இதைத் தொட மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணு."

"பெத்தவகிட்டயே சத்தியம் கேக்கறயாடி?"

"கேக்கறேன். பண்ணு."

பண்ணினேன். என் சத்தியத்தைப் பற்றி ஊரில் கேட்டுப் பாருங்கள். ஒரு தடவை பச்சியம்மாளோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஒன்றரை வருசம் சைகையிலேயே சண்டை போட்டவள் நான்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். புதுப் பாத்திரம் வூட்டுக்கு வந்தால் முதல் ராத்திரி வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. குடமோ, குண்டாவோ, குக்கரோ, உள்ளே ஒரு கைப்பிடி தானியம் போட்டு வைக்கணும். விடிந்ததும் எடுத்துச் சமைத்துக்கொள்ளலாம். வெறும் பாத்திரமாக வைத்தால் வூட்டுக்காரர் பிழைப்பும் வெறுமையாகிவிடும். என் மாமியார் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னதில்லை.

விளக்கு வைக்கிற நேரம். கோமதி தலை குளிக்கப் போயிருந்தாள். அறையில் டியூபா வாயைப் பிளந்துகொண்டு ஸ்டாண்டில் நின்றது. இதைவிடப் பெரிய வெறும் வயிற்றை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. பிள்ளைக்கு நாளன்றைக்குப் பிழைப்பு முடிவாகப் போகிறது.

தொட மாட்டேன் என்றுதான் சத்தியம். நான் தொடவில்லை. எட்ட நின்று, மேலேயிருந்து, ஒரு கைப்பிடி ராகியை உள்ளே விட்டேன். சரசரவென்று இறங்கிப் போனது. அவ்வளவு பெரிய வாய்க்கு ஒரு கைப்பிடி பிச்சை போட்ட மாதிரி தெரிந்தது. இன்னொன்று போட்டேன். ரெட்டைப் படையில் நிறுத்த மனசு வரவில்லை. மூணு.

எலி

விடியற்காலையில் எடுத்துவிடலாம் என்று போனேன். குடத்தைக் கவிழ்த்தால் தானியம் கொட்டும். இது குடம் இல்லை என்பது கவிழ்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆமாம், தொட்டேன். சத்தியம் அதோடு போயிற்று. முந்தானையில் ஒரு கைப்பிடி வந்து விழுந்தது. மீதி ரெண்டும் உள்ளே மழை பெய்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு எங்கேயோ போனது. இந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் ஓடியது. அந்தப் பக்கம் சாய்த்தால் இன்னும் உள்ளே ஓடியது. அப்படியே திருப்பி நிறுத்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, காப்பி போட உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மணிக்குக் கோமதி ஊத உட்கார்ந்தாள். முதலில் பூம் என்றது. பிறகு கலகல என்றது. பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. விரலால் அமுக்குகிற கட்டைகள் நாலு இருக்கும். அமுக்கினால் உள்ளே வால்வு திரும்பணும். மூணாவது கட்டை அமுங்கினது அமுங்கினபடியே நின்றுவிட்டது.

அவள் ஒரு குழாயை உருவினாள். தரையில் ராகி கொட்டியது.

என் பிள்ளை கோபக்காரி. கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அந்த ராகியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு நுனிக்கு வந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

மாதேஷ் ஓடி வந்து பார்த்தான். "எலிதான். வேற யாரு? ராகி மூட்டை பக்கத்து அறையில இருக்குது. சேத்து வைக்கப் புது எடம் பாத்துருக்குது திருட்டு நாயி."

கோமதி என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ...?" என்று ஆரம்பித்தாள். பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. நீ சத்தியம் பண்ணியிருக்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கணும். திறந்தேன். "எலியாத்தான் இருக்கும்" என்று வந்தது.

ரேடியேட்டர் பாய்

டியூபா ரிப்பேர் செய்கிறவர் பெங்களூரில் ஒருத்தர் இருக்கிறாராம். போன் போட்டால் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். பஞ்சர் கடையில் கொடுத்துக் காற்று அடித்துவிடலாம் என்றான் மாதேஷ். கோமதி அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்குக் காற்று இறங்கியது.

எனக்கு சலீம் பாய் ஞாபகம் வந்தது. மெயின் ரோட்டில் லாரி ரேடியேட்டர் வேலை பார்க்கிறவர். பித்தளைக் குழாய்க்குள் என்ன அடைத்திருந்தாலும் எடுப்பார். டியூபாவை ஆட்டோவில் வைத்து, ரெண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போனோம்.

பாய் டியூபாவைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "எந்த வண்டிதுங்க இது?"

"வண்டி இல்ல பாய், வாத்தியம். எலி ராகியைக் கொண்டாந்து உள்ள போட்டுட்டுது" என்றாள் கோமதி.

"குழாய்தானே. காத்து அடிச்சிருந்தா கெட்டிருக்கும். தானியம் போய் மூலையில குத்தி உக்காந்துக்கும். எந்த வழியா போச்சோ அந்த வழியாவே திருப்பி வரணும்ங்க."

இவள் உருவ முடிந்த குழாய்களை எல்லாம் உருவிக் கொடுத்தாள். அவர் பழைய டயர் மேல் போர்வையை விரித்து டியூபாவைப் படுக்க வைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரைப் பின்பக்கமிருந்து விட்டார். கீழே வெள்ளைத் துணி. ராகி பொலபொலவென்று வந்தது. வால்வு மட்டும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சுத்தமாக வந்தது. பாய் கையைத் துடைத்தார். "அவ்வளவுதான். தானியம் எல்லாம் வந்துட்டுது. வால்வுதான் கெட்டுப்போயிருக்கு, அது என்னால ஆவாதுங்க."

கோமதி போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரமாகப் போய் நின்றுகொண்டாள். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

நான் துணியில் இருந்த ராகியை அள்ளிப் பார்த்தேன். என் கை எனக்குத் தெரியாதா? வூட்டுத் தரையில் கொட்டினதையும் சேர்த்து ஒன்றரைக் கைப்பிடி. நனைந்தால் ஊதும், அதையும் கழித்துத்தான் சொல்கிறேன்.

"பாய், இன்னும் அரைக் கைப்பிடி உள்ள இருக்குது."

"இல்லீங்க ஆயா, தண்ணி சுத்தமா வருது பாருங்க."

"இருக்குதுன்னா இருக்குது."

அவர் என்னையும் என் கையையும் பார்த்தார். கோமதி நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க ஆயா, எலி உங்ககிட்ட அளந்து காட்டிட்டுப் போச்சுங்களா?"

"பேசாம வேலையப் பாருங்க பாய்."

மனுசன் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கோமதி பாப்பா, போனை வையுங்க" என்று சத்தம் போட்டார். "ஆயா சொல்றது சரி. இன்னும் இருக்குது. வால்வு கெடல, அதுக்குப் பின்னால அடைச்சிருக்குது."

ஆனால் எப்படி எடுப்பது? அவர் தட்டப் பயந்தார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. ஆறு பிள்ளைகளுக்கும் பால் குடித்து ஏப்பம் வராவிட்டால் நான் என்ன செய்தேன்? சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டியூபாவை என் மடியில் குப்புறப் போடச் சொன்னேன். கோமதி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். கனம் என்றால் கனம், என் தங்கச்சியின் மூத்த பையன் மட்டும்தான் அந்தக் கனம் இருந்தான். உள்ளங்கையைக் குழித்து, வளைவு வளைவாகத் தடவி, மெதுவாகத் தட்டினேன். கொஞ்சம் சாய்த்தேன். மறுபடி தட்டினேன்.

லாரி டிரைவர்கள் டீயோடு வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தர், "தாலாட்டு பாடுங்க ஆயா, வரும்" என்றார். இன்னொருத்தர் வசம்பு உரசச் சொன்னார்.

உள்ளே ஏதோ நகர்ந்தது. கொளக் என்று ஒரு சத்தம். ஊறின ராகி ஒரு கட்டியாக வந்து துணியில் விழுந்தது. அரைக் கைப்பிடி. மூணாவது கட்டை தானாக மேலே எழுந்து நின்றது.

பாய் காசு வாங்கவில்லை. "ஒரு ஊது ஊதிக் காட்டச் சொல்லுங்க, போதும்" என்றார். கோமதி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஊதினாள். ரோட்டில் போன லாரி ஒன்று, பின்னால் பெரிய வண்டி ஆரன் அடிக்கிறது என்று நினைத்து ஓரம் கட்டி வழிவிட்டது.

பெங்களூர்

மறுநாள் விடியக் கிளம்பினோம். பெட்டிக்குத் தனி சீட் போட்டுத்தான் கொண்டு போனோம். ஜன்னலோர சீட் பெட்டிக்கு. எனக்கு அடுத்தது.

வாசித்துக் காட்டுகிற இடம் ஒரு பெரிய கூடம். முன்னால் திரை கட்டி, அதற்கு அந்தப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊதுகிறது ஆணா பெண்ணா, யார் பிள்ளை என்று தெரியக் கூடாதாம், சத்தம் மட்டும்தான் கேட்கணுமாம். நல்ல வழக்கம். நம் பக்கத்திலும் பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு திரை கட்டலாம். நான் கோமதி பக்கம், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பேசக் கூடாது என்று சொல்லித்தான் விட்டார்கள்.

கோவாக்காரன் முதலில் ஊதினான். நன்றாகத்தான் ஊதினான், பாவம்.

பிறகு இவள். முதலில் மெதுவாக, தூரத்தில் மேகம் புரளுகிற மாதிரி ஆரம்பித்தாள். அப்புறம் கீழே, கீழே, இன்னும் கீழே போனாள். கடைசியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தரை அதிர்ந்தது. என் நாற்காலி அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கடகட கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது.

போயிற்று என்று நினைத்தேன். எண்ணினதில் தப்பு விட்டுவிட்டேன், ஒரு மணி ராகி உள்ளே தங்கிவிட்டது, என் பிள்ளையின் நாலு வருசத்தை நானே கெடுத்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சத்தம் நின்றது.

கையை எடுத்தேன். மறுபடி கடகட. பொத்தினேன். நின்றது. என் பல் செட்.

மீதிப் பாட்டு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா சந்தோசத்தில் அழுகிறாள் என்று கோமதி நினைத்தாளாம்.

ஒரு மணி நேரம் கழித்து திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெள்ளைத் தலைக்காரர் வந்து, கோமதிக்குக் கை கொடுத்தார். அவர் பேசினது எனக்குப் புரியவில்லை. இவள் அந்த டியூபாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரியில் எல்லாம் புரிந்தது.

நாங்கள் திரும்பி வந்த வாரம், மாதேஷ் வைத்த பொறியில் ஓர் எலி விழுந்தது. "சிக்கிட்டான்டா டியூபாக்காரன்" என்று வூடே கூடி நின்று திட்டியது. கோமதி போனிலேயே திட்டினாள். நான்தான் பொறியைத் தூக்கிக்கொண்டு போய் கடலைக் காட்டு வரப்பில் திறந்துவிட்டேன். அது உடனே ஓடவில்லை. மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு நிமிசம் என்னைப் பார்த்தது. மனுசர்கள் எத்தனையோ பேர் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள், நான் அசைந்ததில்லை. இதன் முன்னால் தலை குனிந்தேன்.

இன்றைக்கு வரைக்கும் கோமதிக்குத் தெரியாது. நேராகச் சொல்லலாம் என்று நாலு தடவை போன் போட்டு, நாலு தடவையும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு வைத்துவிட்டேன். என் வாய்க்கு வராதது என் கைக்கு வருகிறது. இது அச்சாகி ஊரார் படிப்பதற்கு முன்னால் அவள் காதில் விழணும். லீவுக்கு வந்திருக்கிறாள். உள்ளேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

இலக்கியா, இங்க வா சாமி. மாதேஷ் மகளே, உன்னைத்தான். உன் அத்தையைக் கை கழுவிட்டு வந்து எதிர்ல உக்காரச் சொல்லு. தாளைப் பிடி. முதல்லேருந்து படி, எனக்குத் திருப்பிப் படிச்சுக் காட்டற மாதிரியே படி. நான் விளக்கு வச்ச நேரத்துக்கு அந்த ரூமுக்குப் போற எடம் வரும்போது முழுங்காத, சத்தமாப் படி. நான் எழுந்து போக மாட்டேன். இங்கதான் இருப்பேன்.